புகையும் வெல்லப்பாகும்: ரம் பீப்பாய்ல ஊறின பீட்டட் அமெரிக்கன் சிங்கிள் மால்ட், குடிச்சவங்க வந்து சொல்லுங்க

#1 ஆலைக்கரும்பு (சியாட்டில் பக்கம்)

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு விஸ்கி பாட்டில் திறந்தேன், நாலு நாளாச்சு, இன்னும் அதே நெனப்பாவே இருக்கு. இங்க வாஷிங்டன் மாநிலத்துல ஒரு சின்ன டிஸ்டில்லரியோடது. ஒரே ஒரு பீப்பாய்ல இருந்து அடைச்சது, இருநூறு பாட்டில் கூட தேறாது, எல்லாம் வித்துப்போச்சு, அதனால பேரைச் சொல்லி உங்களை அலைய விடல. பீட்டுங்கற சதுப்பு நிலக் கரிமண்ணை எரிச்சு புகை காட்டின மால்ட், அதாவது முளைகட்டின பார்லி, வேற தானியம் இல்ல, அஞ்சு வருசமும் ஜமைக்கா ரம் இருந்த பீப்பாய்லயே கிடந்திருக்கு. கடைசி ஆறு மாசம் மட்டும் மாத்தி ஊத்தி வைக்கிற ஃபினிஷ் இல்ல, பொறந்ததுலருந்து அதே பீப்பாய்தான். தண்ணி சேக்காம அப்படியே அடைச்சது, ஆல்கஹால் 60.2 சதவீதம்.

ஊத்தின உடனே மோந்து பாத்தேன், மனசு விட்டுப்போச்சு. வார்னிஷ், நெயில் பாலிஷ், தோல் கறுத்துப்போன வாழைப்பழம், இதுதான் வந்துச்சு, பீட்டைக் காணோம். ஒரு வாய் ராவா வச்சேன், நாக்கு மரத்துப்போச்சு. சரின்னு ஒரு டீஸ்பூன் தண்ணி விட்டேன், அந்த நேரம் பாத்து ஊர்லருந்து அப்பா வீடியோ கால், கிளாஸ் மேல ஒரு சின்ன தட்டை மூடி வச்சுட்டு பேசப் போயிட்டேன். முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கும்.

திரும்ப வந்து தட்டை எடுத்ததும் நான் சியாட்டில்ல இல்ல. எங்க ஊரு கவுந்தப்பாடிக்கிட்ட, சின்ன வயசுல வெல்ல ஆலைக் கொட்டகையிலதான் விளையாடுவோம். காஞ்ச கரும்புச் சக்கைய அடுப்புக்குள்ள தள்ளிக்கிட்டே இருப்பாங்க, மேல கொப்பரையில பாகு பொங்கும், அழுக்கு நுரைய வடிச்சு எடுப்பாங்க, பாகை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் அடிப்பிடிக்கிற மாதிரி ஒரு வாசனை வரும் பாருங்க, இனிப்பும் இல்லாம கசப்பும் இல்லாம, தொண்டையில வந்து உக்காரும். அதே வாசனை. அதுக்குப் பின்னாடி புகை, ஆனா நான் எதிர்பாத்த டெட்டால், பேண்டேஜ் புகை இல்ல, மழை பேஞ்சு அணைஞ்ச அடுப்போட புகை.

வாயில வச்சா இன்னொரு ஆச்சரியம். இனிப்பு இல்ல. மூக்கு வெல்லம்ங்குது, நாக்கு உப்பு, சாம்பல், மிளகுங்குது. விழுங்கினப்புறம் சுட்ட அன்னாசி, கிராம்பு, கடைசியா ஒரு ஈரச் சாம்பல், அது பத்து நிமிசத்துக்கு மேல நின்னுச்சு. மறுநாள் காலைல கழுவாத கிளாஸை மோந்து பாத்தேன், ரம் சுத்தமா போயிருந்துச்சு, புகை மட்டும் இருந்துச்சு.

ரெண்டு கேள்வி. முழுசா ரம் பீப்பாய்ல வளந்த பீட்டட் சரக்கு வேற யாராச்சும் குடிச்சிருக்கீங்களா? அப்புறம் முதல்ல அந்தப் புகை எங்க போய் ஒளிஞ்சிருந்துச்சு?

#2 தீவுவாசி (சிங்கப்பூர்)

அருமையா எழுதியிருக்கீங்க நண்பா, ஆனா என் அனுபவம் வேற. 2019ல ஸ்காட்லாந்து இஸ்லே தீவு டிஸ்டில்லரி ஆர்ட்பெக்கோட டிரம்ங்கற விஸ்கி வந்துச்சே, ரம் பீப்பாய்ல முடிச்சது, ரெண்டு பாட்டில் வாங்கினேன். ஆர்ட்பெக்கோட புகை ஒரு பக்கம், ரம் பழம் ஒரு பக்கம், ரெண்டும் ஒண்ணா உக்காரவே இல்லை. பீட் போட்ட சரக்குக்கு போர்பன், அதான் அமெரிக்க சோள விஸ்கி, இருந்த பழைய பீப்பாய் போதும்ங்கிறது என் கட்சி. அதுலதான் புகை தெளிவா தெரியும். ஷெர்ரி வைன், போர்ட் வைன், ரம்னு மேல மேல போத்தினா டிஸ்டில்லரி என்ன வடிச்சுதுன்னே தெரியாம போயிடும்.

இன்னொன்னு மனசுல பட்டதச் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அமெரிக்கன் சிங்கிள் மால்ட்ன்னு பேரு. புகை காட்டின மால்ட் பெரும்பாலும் ஸ்காட்லாந்துல இருந்து வருது, பீப்பாய் ஜமைக்காவுல இருந்து வருது, அப்ப இதுல அமெரிக்கா எங்க இருக்கு?

#3 போர்ட்லேண்ட்_அக்கா

தம்பி ஆலைக்கரும்பு, புகை எங்கயும் போகல, ஆல்கஹாலுக்குள்ள இருந்துச்சு. நான் வேதியியல் படிச்சவ, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

பீட் புகையோட முக்கியமான வாசனைப் பொருள்கள்ல ஒண்ணு குவாயகால். 2017ல ஸ்வீடன்ல லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல ஒண்ணு பாத்தாங்க: ஆல்கஹால் 45 சதவீதம் வரைக்கும் இருக்கும்போது குவாயகால் திரவத்தோட மேல்பரப்புக்கு வந்து நிக்குது, 59 சதவீதத்துக்கு மேல போனா ஆல்கஹால் அதைச் சூழ்ந்துக்கிட்டு உள்ள இழுத்துடுது. மேல நின்னாதானே மூக்குக்கு எட்டும்? உங்களுது 60.2. ஒரு டீஸ்பூன் தண்ணி விட்டீங்க, உள்ள இருந்தது மேல வந்துச்சு. சிமுலேஷன்ல குவாயகாலைத்தான் பாத்தாங்க, மொத்த விஸ்கியையும் இல்ல, ஆனா நான் வீட்டுல எத்தனையோ தடவ செஞ்சு பாத்திருக்கேன், கணக்கு பொய்க்கல.

அடுத்தது அந்த நெயில் பாலிஷ். அது எத்தில் அசிடேட். ஜமைக்கா ரம்முக்கு எஸ்டர்ங்கற இந்த மாதிரி வாசனைப் பொருள்கள்தான் உசிரு. அங்க பழைய பாணி டிஸ்டில்லரிகள்ல மொலாசஸை, அதான் சக்கரை ஆலையில மிஞ்சுற கரும்புப்பாகை, நாள்கணக்கா புளிக்க வைப்பாங்க, ஒரு தடவ வடிச்சப்புறம் ஸ்டில்லோட, அதாவது வடிக்கிற பாத்திரத்தோட, அடியில மிஞ்சுற புளிச்ச தண்ணிய, டண்டர்னு பேரு, அடுத்த ஊறலுக்குச் சேப்பாங்க. அதுல வர்ற அமிலமெல்லாம் ஆல்கஹாலோட சேந்து எஸ்டரா மாறுது. ஹாம்ப்டன் எஸ்டேட்ல டிஓகேன்னு ஒரு ரகம் இருக்கு, நூறு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1500, 1600 கிராம் எஸ்டர், அதை நேரா குடிக்கறதுக்கே செய்யல, மத்ததுல கொஞ்சூண்டு கலக்கத்தான். அந்த மாதிரி ரம் இருந்த பலகைக்குள்ள சில லிட்டர் ஊறிப்போய் இருக்கும், உங்க விஸ்கி அதைத்தான் அஞ்சு வருசமா உறிஞ்சியிருக்கு. எத்தில் அசிடேட் சீக்கிரம் பறக்கற சரக்கு, ஊத்தின உடனே மூக்கை அடிக்கும், அரைமணி நேரத்துல அடங்கிடும். அதுக்கப்புறம் கனமான எஸ்டர் நிக்கும், அன்னாசி வாசனை தர்ற எத்தில் பியூட்டிரேட் மாதிரி. நீங்க எழுதின வரிசை அப்படியே பொருந்துது.

தீவுவாசி தம்பிக்கு ஒண்ணு. அமெரிக்கா எங்கன்னு கேட்டீங்க. எங்க ஊர்லயே பதில் இருக்கு. ஸ்டீவ் மெக்கார்த்தின்னு ஒருத்தர் 1985ல போர்ட்லேண்ட்ல கிளியர் க்ரீக் டிஸ்டில்லரி ஆரம்பிச்சாரு, பேரிக்காய் பிராந்திக்காக. 90கள்ல ஸ்காட்லாந்துல இருந்து பீட் மால்ட் வரவழைச்சு, அதே பழ பிராந்தி ஸ்டில்லுல வடிச்சு, ஒரிகன் ஓக்ல வச்சாரு. மெக்கார்த்தீஸ் ஒரிகன் சிங்கிள் மால்ட். இந்த வகைக்கு ஆரம்பப்புள்ளிகள்ல அதுவும் ஒண்ணு. மால்ட் அங்கிருந்து வந்ததுதான், ஆனா குடிச்சுப் பாத்தா இஸ்லே தீவுல செஞ்சதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பழ ஸ்டில்லோட கை அதுல தெரியும்.

#4 வேக்கோ_வெயில் (டெக்சாஸ்)

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு. புகைன்னா பீட்தான்னு யாரு சொன்னா? ஸ்காட்லாந்துல மரம் கம்மி, சதுப்பு நிலத்துல செடி செத்து மக்கி வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சேந்த கரிமண்தான் அவங்களுக்கு அடுப்பு. அதை வெட்டிக் காயவச்சு எரிச்சாங்க, மால்ட்ல புகை ஏறுச்சு. இங்க தென்மேற்குல அடுப்புன்னா மெஸ்கீட்ங்கற முள்மரத்தோட கட்டை. அரிசோனா டூசான்ல டெல் பாக்னு ஒரு டிஸ்டில்லரி, ஆரம்பிச்சவர் மெஸ்கீட் மரத்துல மேஜை நாற்காலி செஞ்சுட்டு இருந்தவர், மிச்சம் விழுற துண்டுகளை பார்பிக்யூவுல போடும்போதுதான் வீட்டுல பேச்சு வந்திருக்கு, பீட்டுக்குப் பதிலா இந்தக் கட்டையில பார்லிய காயவச்சா என்னன்னு. இப்ப அங்கயே முளைகட்டி அங்கயே புகை போடறாங்க. எங்க வேக்கோவுல பால்கோனஸ், அவங்க பிரிம்ஸ்டோன்னு ஒண்ணு செஞ்சாங்க, அது சோள விஸ்கி, தானியத்துக்குப் புகை போடல, வடிச்ச சரக்குக்கே டெக்சாஸ் குத்து ஓக் மரப்புகை காட்டினாங்க. எல்லாருக்கும் பிடிக்காது, ஆனா நம்ம வெயிலோட ருசி அது.

சொல்ல வந்தது என்னன்னா மெஸ்கீட் புகை இனிப்போட சட்டுனு ஒட்டிக்கும், பார்பிக்யூ சாஸ்ல மொலாசஸ் ஊத்தறது அதுக்குத்தானே. பீட்டை விட மெஸ்கீட்டுக்குத்தான் ரம் பீப்பாய் பொருத்தம்ங்கிறது என் எண்ணம். ஆனா இங்க வெயில்ல அஞ்சு வருசமெல்லாம் முழுசா ரம் பீப்பாய்ல விட்டா என்ன ஆகும்னு யோசிக்கிறேன், மரம் சீக்கிரம் இறங்கும், ஆவியாப் போறதும் அதிகம். உங்க பக்கம் குளிர்ச்சி, ஈரம், அதான் அஞ்சு வருசமும் தாங்கியிருக்கு போல.

#5 ஆலைக்கரும்பு

அக்கா, உங்க பதிவை மூணு தடவ படிச்சேன். நேத்து திரும்ப ஊத்தி, ராவா ஒரு கிளாஸ், தண்ணி விட்டது ஒரு கிளாஸ், பக்கத்துல பக்கத்துல வச்சு மோந்து பாத்தேன். ராவா இருந்ததுல இருபது நிமிசம் கழிச்சும் புகை பின்னாடிதான் நின்னுச்சு, தண்ணி விட்டதுல முன்னாடி வந்து நின்னுச்சு. நெயில் பாலிஷ் ரெண்டுலயும் ஒரே மாதிரி கரைஞ்சு போச்சு. அதாவது ரெண்டு வேற வேற வேலை நடந்திருக்கு, ஒண்ணு தண்ணியால, ஒண்ணு நேரத்தால. அன்னிக்கு அப்பா கூப்பிடாம இருந்திருந்தா ரெண்டாவது வேலை எனக்குத் தெரிஞ்சிருக்காது, பாட்டிலை யாருக்காச்சும் குடுத்திருப்பேன்.

தீவுவாசி, பீப்பாய் ஜமைக்காவுதுன்னு சொன்னீங்க. அங்கதான் எனக்கு ஒரு பெரிய சந்தோசம் இருக்கு. ரம் ஊற வைக்கிற பீப்பாய் பெரும்பாலும் அமெரிக்காவுல பொறந்ததுதான்! போர்பனுக்கு சட்டமே உள்பக்கம் கரிச்ச புது ஓக் பீப்பாய்ல வைக்கணும்ங்கிறது, ஒரு தடவ வச்சுட்டா அடுத்த போர்பனுக்கு அது ஆகாது. அதனால கென்டக்கியில இருந்து லட்சக்கணக்குல பழைய பீப்பாய் வெளிய போகுது, ஸ்காட்லாந்துக்கு, மெக்சிகோவுக்கு, கரீபியன் தீவுகளுக்கு. மிசோரி, கென்டக்கி காட்டுல வளந்த வெள்ளை ஓக், 200 லிட்டர் பீப்பாயா மாறி, நாலஞ்சு வருசம் போர்பன், அப்புறம் கப்பலேறி ஜமைக்கா வெயில்ல ரம், அப்புறம் திரும்ப கப்பலேறி வந்து இங்க சியாட்டில் மழையில மால்ட். என் பாட்டில்ல இருக்கற தேங்காய், வனிலா வாசனை மொத வாழ்க்கையோடது, வாழைப்பழம் ரெண்டாவதோடது. அந்தப் பீப்பாய் வெளியூர்க்காரன் இல்ல, ஊருக்குத் திரும்பி வந்தவன்.

#6 புது_டிராம் (டகோமா)

வணக்கம், இங்க புதுசு. இதுவரைக்கும் விஸ்கின்னா சோடா, ஐஸ், அவ்ளோதான். போன மாசம் ஆபீஸ்ல ஒரு அண்ணன் லஃப்ரோய்க்னு ஒரு ஸ்காட்லாந்து பீட் விஸ்கி குடுத்தாரு, ஆஸ்பத்திரி வார்டுல நிக்கிற மாதிரி இருந்துச்சு, ஆனா மறக்கவும் முடியல, அதான் தேடி வந்தேன்.

சில சந்தேகம். ரம் பீப்பாய்னா பலகையில ஒட்டின சக்கரை விஸ்கிக்குள்ள இறங்குமா? பாட்டில்ல 55 பிபிஎம்னு போட்டிருந்தா அதான் உள்ள இருக்கற புகையோட அளவா? அண்ணன் நாக்குல இனிப்பு இல்லன்னு எழுதியிருக்கீங்க, அப்ப ரம் என்னதான் குடுத்துச்சு?

#7 போர்ட்லேண்ட்_அக்கா

வாங்க தம்பி. லஃப்ரோய்க்கை மறக்க முடியலைன்னீங்கல்ல, அது போதும், நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

சக்கரை ஆவியாகாது. மொலாசஸ்ல எவ்ளோ சக்கரை இருந்தாலும் புளிக்கும்போது ஈஸ்ட் தின்னுடும், மிச்சம் ஸ்டில்லோட அடியிலயே நின்னுடும். வடிஞ்சு வர்ற ரம்ல சக்கரை கிடையாது. கடையில சில ரம் இனிக்குதே, அது பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்ன சேக்கறது, பீப்பாய்ல இருக்கும்போது இல்ல. பீப்பாய் குடுக்கறது இனிப்பைப் பத்தின ஞாபகத்தை. பழ எஸ்டர், வனிலா, கரிச்ச ஓக்கோட கேரமல் வாசனை, இதெல்லாம் வாழ்நாள் பூரா நாம இனிப்போட சேத்தே மோந்து பழகினது, அதனால மூளை இனிப்புன்னு சொல்லுது. ஆலைக்கரும்பு தம்பி மூக்கையும் நாக்கையும் பிரிச்சு எழுதினாரு பாருங்க, அது நல்ல கவனிப்பு.

பிபிஎம்ங்கறது பத்து லட்சத்துல எத்தனை பங்கு புகைப் பொருள்ங்கற கணக்கு, அந்த அளவு மால்ட்ல எடுக்கறது. பார்லிய அரைச்சு, ஊறவச்சு, புளிக்கவச்சு, வடிக்கறதுக்குள்ள பாதிக்கு மேல போயிடும். புகைப் பொருள்கள் ஸ்டில்லுல கடைசிப் பக்கமாத்தான் நிறைய வரும், டிஸ்டில்லர் எந்த நிமிசத்துல சேக்கறத நிறுத்தி வெட்டுறாரோ அதுல புகை கூடும் குறையும். ஒரே மால்ட்டை ரெண்டு பேர் வாங்கி வடிச்சா ரெண்டு விதமா வரும். அப்புறம் வயசாக ஆக பீப்பாய்லயும் புகை மங்கும். அதனால நம்பரை வச்சு வாங்காதீங்க.

தண்ணிய ஒரேடியா ஊத்தாதீங்க, சொட்டு சொட்டா. ஐஸ் வேண்டாம், குளிர்ல வாசனை எழும்பாது. சின்ன வாய் வச்ச கிளாஸ் இருந்தா நல்லது, கிளென்கெய்ர்ன் மாதிரி, இல்லாட்டி வைன் கிளாஸ் போதும்.

#8 யாழ்_டொராண்டோ

நான் வழக்கமா வாசிக்கிறதோட சரி, எழுதுறேல்ல. ஆனா ஆலைக்கரும்பு அண்ணை எழுதினதை வாசிச்சாப் பிறகு எழுதாம இருக்க ஏலேல்ல.

எனக்கு வெல்ல ஆலை மணம் தெரியாது. ஆனா இப்பிடி ஒரு சரக்கு, பீட்டும் ரம்மும் சேர்ந்தது, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கூட்டாளி வீட்டில குடிச்சனான், மணந்த உடன எனக்கு அம்மம்மா வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. பனம்பழம் விழுற காலத்தில விடியக்காலமை பொறுக்கிக்கொண்டு வந்து தணலுக்க போட்டுச் சுடுவினம். தோல் கருகி வெடிக்கேக்க வாற மணம், கருகலும் இனிப்பும் ஒரு மாதிரியான கைப்பும். பிறகு தோலை உரிச்சுப் போட்டு சூப்புறது, தும்பு பல்லுக்க மாட்டும். பச்சையாச் சூப்பினா வேற, சுட்டுச் சூப்பினா வேற. சுட்டதுதான் எனக்கு உந்த விஸ்கி.

ஆங்கிலத்தில எழுதுறவை எல்லாரும் க்ரெம் ப்ரூலே, மார்ஷ்மெல்லோ எண்டு இனிப்புப் பேரா எழுதுவினம், நானும் கனநாள் அதைத்தான் தேடித் தேடிக் குடிச்சனான், ஒண்டும் பிடிபடேல்ல. பனம்பழம் எண்டு நினைச்ச பிறகுதான் கிளாசுக்க என்ன கிடக்குது எண்டு விளங்கிச்சுது.

#9 ஆலைக்கரும்பு

சுட்ட பனம்பழம்! நூத்துக்கு நூறு. அந்தக் கடைசிக் கசப்புக்கு எனக்கு வார்த்தை கிடைக்காம இருந்துச்சு, நீங்க குடுத்துட்டீங்க.

#10 தீவுவாசி

அக்காவோட விளக்கம், பீப்பாயோட பயணம், ரெண்டும் எனக்குப் புதுசு, நன்றி. பீப்பாய் விசயத்துல என் கேள்விய வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ரெண்டு இடத்துல நான் இன்னும் அங்கயேதான் நிக்கிறேன்.

ஒண்ணு, மண். பீட்டுங்கறது அந்தந்த மண்ணுல வளந்த செடிதானே. இஸ்லே பீட்டும் ஸ்காட்லாந்து உள்நாட்டு பீட்டும் ஒரே மாதிரி எரியறதில்ல. வேக்கோ நண்பர் சொன்ன மெஸ்கீட் எனக்கு உடனே பிடிச்சுப்போச்சு, ஏன்னா அது அங்கத்த மரம். ஆனா பீட்டட் அமெரிக்கன்னு சொல்லிட்டு ஸ்காட்லாந்து சதுப்பு நிலத்தோட புகைய விக்கறதுல எனக்கு ஒரு நெருடல்.

ரெண்டு, அஞ்சு வருசமும் ஜமைக்கா ரம் பீப்பாய்னா அது பெரிய குரல். எஸ்டர் அவ்ளோ அடர்த்தி. இதே டிஸ்டில்லரி சரக்கை சாதாரண பீப்பாய்ல குடிக்காம, இதுல எது டிஸ்டில்லரி, எது ரம்னு எப்படிச் சொல்லுவீங்க?

#11 ஆலைக்கரும்பு

ரெண்டாவது கேள்வி நியாயம். அதுக்கு சோதனை பண்ணித்தான் பதில் சொல்லணும், பண்றேன். அதே டிஸ்டில்லரியோட பீட்டட் சரக்கு, பழைய போர்பன் பீப்பாய்ல இருந்தது, அரை பாட்டில் என்கிட்ட இருக்கு. புது_டிராம் தம்பி டகோமாதானே, ஒரு மணி நேர தூரம், இந்த சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. பேர் தெரியாம மூணு கிளாஸ் வைக்கிறேன். காரை எடுக்காதீங்க, ரயில்ல வாங்க, இல்லாட்டி ராத்திரி இங்கயே தங்கிக்கலாம்.

முதல் கேள்விக்கு இப்பவே பதில் இருக்கு. சியாட்டில்ல வெஸ்ட்லேண்ட்னு ஒரு டிஸ்டில்லரி. அவங்களும் பல வருசம் ஸ்காட்லாந்து பீட் மால்ட்லதான் புகைச் சரக்கு செஞ்சாங்க. ஆனா அதோட நிக்கல. இதே வாஷிங்டன் மாநிலத்துல ஒரு சதுப்பு நிலத்துல இருந்து பீட் வெட்டி, இங்க விளைஞ்ச பார்லிக்கு அதுல புகை போட்டு, சோலம்னு பேரு வச்சு 2023ல முதல் பாட்டிலை வெளிய விட்டாங்க. அந்தச் சதுப்புல லாப்ரடார் டீங்கற செடி வளருது, இலையக் கசக்கினா வாசனை வரும், ஸ்காட்லாந்து பீட்ல ஹெதர் செடி மாதிரி இங்க அது. நான் ஒரு பார்ல ஒரு தடவதான் குடிச்சிருக்கேன். கடல் இல்ல, அயோடின் இல்ல, காட்டுக்குள்ள ஈரக்கட்டைய எரிச்ச மாதிரி, கொஞ்சம் மூலிகை. அதாவது நீங்க கேக்கறத இவங்களும் தங்களையே கேட்டிருக்காங்க, பல வருசம் உழைச்சு பதில் தேடியிருக்காங்க.

இன்னொரு விசயமும் இதுல சேருது. முன்னாடி இங்கத்த சட்டப்படி மால்ட் விஸ்கின்னு லேபிள்ல போடணும்னா போர்பன் மாதிரியே கரிச்ச புது ஓக்ல வைக்கணும், பாதிக்குக் கொஞ்சம் மேல, 51 சதவீதம் பார்லி மால்ட் இருந்தா போதும். பழைய பீப்பாய்ல வச்சா 'மால்ட் ஊறல்ல இருந்து வடிச்ச விஸ்கி'ன்னு ஒரு நீளமான பேர்தான் போட முடியும். 2016ல டிஸ்டில்லரிங்க ஒண்ணு கூடி கமிஷன் ஆரம்பிச்சு விடாம கேட்டாங்க, 2024 டிசம்பர்ல சட்டம் வந்துச்சு, 2025 ஜனவரி 19லருந்து அமலு. முழுக்க முளைகட்டின பார்லி, ஒரே டிஸ்டில்லரியில வடிக்கணும், ஊற வைக்கிறதுலருந்து பீப்பாய் வரைக்கும் அமெரிக்காவுலயே நடக்கணும், 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் பீப்பாய், புதுசோ பழசோ எதுவும் ஓகே. ரம் பீப்பாய்க்கு ராஜபாட்டையே போட்டாச்சு. பார்லி எங்க விளையணும், பீட் எங்கிருந்து வரணும்னு சட்டம் கேக்கல, அது சரிதான்னு எனக்குத் தோணுது. அதை டிஸ்டில்லரியோட மனசாட்சிக்கு விட்டிருக்காங்க.

#12 வேக்கோ_வெயில்

அந்த மூணு கிளாஸ் ரிப்போர்ட்டுக்கு இங்க ஒருத்தன் காத்துட்டு இருக்கான், மறக்காம போடுங்க.

#13 புது_டிராம்

போயிட்டு வந்துட்டேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு வந்ததும் எழுதறேன், நோட்டுல குறிச்சதை அப்படியே போடறேன்.

அண்ணன் மூணு கிளாஸ் வச்சாரு, எல்லாத்துலயும் ரொம்பக் கொஞ்சம், விரல்ல பாதி உயரம்கூட இருக்காது. எல்லாத்தையும் தண்ணி விட்டு கிட்டத்தட்ட 46க்கு கொண்டு வந்து, தட்டு மூடி, அரைமணி நேரம் வச்சிருந்தாரு. அதுவரைக்கும் அண்ணி போட்ட மெதுவடை, பேச்சு.

முதல் கிளாஸ்: எலுமிச்சைத் தோல், சுட்ட ரொட்டி, தெளிவான புகை, நேரா கோடு போட்ட மாதிரி. எனக்கு உடனே புரிஞ்சுச்சு.
ரெண்டாவது: கடல், மருந்து, கருவாடு. பழைய ஞாபகம், லஃப்ரோய்க் மாதிரி. ஆர்ட்பெக்னு அப்புறம் சொன்னாரு.
மூணாவதை மோந்து பாத்ததும் நான் நோட்டுல எழுதினது 'மாரியம்மன் கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள் காலை'. ஏன்னு கேட்டாரு. கரும்பு, அழுகின வாழைப்பழம், அணைஞ்ச அடுப்பு, மண்ணு. அதுதான் ரம் பீப்பாய்.

அப்புறம் அண்ணன் தீவுவாசி அண்ணனோட கேள்விய எடுத்தாரு. முதல் கிளாஸும் மூணாவதும் ஒரே டிஸ்டில்லரின்னு சொல்லிட்டு, ரெண்டுலயும் ஒரே மாதிரி என்ன இருக்குன்னு தேடச் சொன்னாரு. கால்மணி நேரம் ஒண்ணும் கிடைக்கல, ரெண்டும் வேற வேற நாட்டு சரக்கு மாதிரிதான் இருந்துச்சு. கடைசியா விழுங்கினப்புறம் வர்ற அந்தச் சுட்ட ரொட்டி, பார்லி வறுத்த மாதிரி ஒரு ருசி, அது ரெண்டுலயும் ஒரே இடத்துல வந்துச்சு, நாக்கோட பின்பக்கம். மூணாவதுல அதைப் பிடிக்க நான் வாழைப்பழத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்துச்சு. ஆனா இருந்துச்சு. அண்ணனுக்கும் அதே இடம்தான்.

#14 தீவுவாசி

தம்பி, நல்ல நோட்டு. தாண்டிப் போக வேண்டியிருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுதான் என் கவலையும். எனக்கு இன்னும் முதல் கிளாஸ்தான் வேணும். ஆனா அந்த வறுத்த பார்லி ரெண்டுலயும் இருக்குன்னு நீங்க சொன்னப்புறம், எங்கிட்ட அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கற டிரம் பாட்டிலை எடுத்து, தண்ணி விட்டு, தட்டு மூடி வச்சிருக்கேன். நான் அதுக்கு ஒரு தடவகூட பத்து நிமிசத்துக்கு மேல குடுத்ததில்ல. இங்க மணி ராத்திரி ஒம்போதரை. பத்து மணிக்குத் திறக்கறேன்.

#15 போர்ட்லேண்ட்_அக்கா

எவ்ளோ தண்ணி விட்டீங்க தம்பி? டிரம்ல 46 சதவீதம் வந்தது, கமிட்டிக்குன்னு, அதான் ஆர்ட்பெக் ரசிகர் சங்கத்துக்குன்னு, தனியா 52 வந்தது. 46ஆ இருந்தா நாலு சொட்டுக்கு மேல வேண்டாம்.

#16 தீவுவாசி

46தான் அக்கா. மூணு சொட்டு விட்டேன்.

இப்பதான் தட்டை எடுத்தேன். வாழைப்பழம் போயிடுச்சு. புகைக்கு அடியில ஏதோ இருக்கு, இன்னும் பேர் வைக்க முடியல. கொஞ்ச நேரம் குடுங்க.